எட்டாம் விதி, இரண்டாம் பிரிவு

இந்திய வெளியுறவுப் பணிக்கென்று 1961-ல் நடத்தை விதிகள் எழுதப்பட்டன. அதில் எட்டாம் விதியின் இரண்டாம் பிரிவு சொல்வது இது: பணியில் இருக்கும் பெண் திருமணம் செய்துகொள்வதற்கு முன்பு அரசிடம் எழுத்துமூலம் அனுமதி வாங்க வேண்டும். திருமணத்துக்குப் பிறகு எப்போது வேண்டுமானாலும், அவளுடைய குடும்பப் பொறுப்புகள் வேலைக்கு இடைஞ்சலாக இருக்கக்கூடும் என்று அரசு கருதினால், அவளை ராஜினாமா செய்யச் சொல்லலாம். அதே ஆண்டு வந்த ஆள்சேர்ப்பு விதிகளில் பதினெட்டாம் விதி, நான்காம் பிரிவு இன்னும் நேரடியானது. திருமணமான பெண் எவரும் இந்தப் பணியில் நியமிக்கப்படுவதை உரிமையாகக் கோர முடியாது.

"இருக்கக்கூடும்" என்ற சொல்லை மட்டும் கொஞ்சம் கவனியுங்கள். இடைஞ்சல் வந்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. வரலாம் என்று மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவருக்குத் தோன்றினால் போதும்.

அரசியலமைப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்து அப்போது பதினோரு வருடம் ஆகியிருந்தது. அரசு வேலையில் பாலின அடிப்படையில் பாகுபாடு காட்டக்கூடாது என்று அதன் பதினாறாவது பிரிவு சொல்கிறது. ஆக, இது வெள்ளைக்காரன் விட்டுப்போன பழைய காகிதம் இல்லை. சுதந்திர இந்தியா உட்கார்ந்து யோசித்து எழுதியது. வெளியுறவுத்துறையைத் தன் கையில் வைத்திருந்தவர் நேரு. அவருடைய தங்கை விஜயலட்சுமி பண்டிட் மாஸ்கோவிலும் வாஷிங்டனிலும் தூதராக இருந்தவர், 1953-ல் ஐநா பொதுச்சபைக்குத் தலைமை தாங்கிய முதல் பெண். வெளியுறவுத்துறையின் துணை அமைச்சர் யார் தெரியுமா? லட்சுமி மேனன். மெட்ராஸ் ராணி மேரி கல்லூரியில் ஆசிரியையாக இருந்தவர். ஐநாவில் பெண்களின் நிலை குறித்த பிரிவுக்கே தலைமை வகித்துவிட்டு வந்தவர். இவ்வளவு பேர் இருந்த வீட்டில்தான் அந்த விதி பிறந்தது.

மனித உரிமைப் பிரகடனத்தின் முதல் பிரிவில் "எல்லா ஆண்களும்" என்று பொருள்படும்படி இருந்த சொல்லை "எல்லா மனிதர்களும்" என்று மாற்ற வைத்தவர் இந்தியப் பிரதிநிதி ஹன்சா மேத்தா. 1948-ல் நடந்தது அது. உலக அரங்கில் ஒரு சொல்லைத் திருத்தும் அளவுக்கு நம்மிடம் ஆளுமைகள் இருந்தார்கள். உள்ளூர் விதிப்புத்தகத்தில் பதின்மூன்று வருடம் கழித்து ஒரு பத்தி சேர்ந்தது. இரண்டையும் சேர்த்து வைத்துப் பார்க்கும்போது எனக்குக் கொலுப்படிதான் ஞாபகம் வருகிறது. மேல்படியில் பொம்மை உண்டு, ஆனால் பொம்மை படியேறி அங்கே போவதில்லை. யாரோ தூக்கி வைக்கிறார்கள். விஜயலட்சுமி பண்டிட்டின் திறமையைக் குறைத்துச் சொல்லவில்லை. தென்னாப்பிரிக்க இந்தியர் பிரச்சினையில் 1946-ல் ஐநாவில் அவர் நடத்திய வாதம் சாதாரணமானது இல்லை. ஆனால் அவர் வந்த வழி வேறு. தேர்வு எழுதி, கீழ்ப்படியில் சேர்ந்து, ஒவ்வொரு பதவி உயர்வுக்கும் ஒரு குழுவின் முன்னால் காத்திருக்கும் பெண்ணுக்கு அந்த வழி உதவாது.

அப்படிக் காத்திருந்தவர் சோனிரா பெல்லியப்பா முத்தம்மா.

குடகில் விராஜ்பேட்டையில் 1924-ல் பிறந்தவர். அப்பா வனத்துறை அதிகாரி. முத்தம்மாவுக்கு ஒன்பது வயதாகும்போதே இறந்துவிட்டார். நான்கு குழந்தைகளையும் படிக்க வைத்தே தீருவது என்று அம்மா பிடிவாதமாக இருந்தார். மடிக்கேரியில் பள்ளி முடித்த பெண் அங்கிருந்து மெட்ராஸுக்கு வந்து பெண்கள் கிறித்துவக் கல்லூரியில் சேர்ந்தார். தங்கப் பதக்கங்களோடு வெளியே வந்தார். பிறகு மாநிலக் கல்லூரியில் ஆங்கில இலக்கியம் முதுகலை. இன்று கல்லூரிச் சாலையில் டிராஃபிக்கில் நிற்கிற யாருக்கும் தெரியாது, இந்தியாவில் குடிமைப் பணித் தேர்வில் வென்ற முதல் பெண் இந்தக் கட்டடங்களுக்குள் ஷேக்ஸ்பியர் படித்துக்கொண்டிருந்தார் என்று. 1948-ல் தேர்வு எழுதினார். 1949-ல் வெளியுறவுப் பணியில் சேர்ந்தார்.

சேர்ந்தார் என்று ஒரு சொல்லில் நான் சொல்லிவிட்டேன். நேர்முகத் தேர்வில் குழுவினர், இந்தப் பணி உனக்கு வேண்டாம் என்று அவர் மனதை மாற்றப் பார்த்தார்கள். குழுத் தலைவர் தன் செல்வாக்கைப் பயன்படுத்தி நேர்முகத்தில் குறைந்தபட்ச மதிப்பெண் கிடைக்கச் செய்தார் என்று முத்தம்மாவே பின்னாளில் உச்ச நீதிமன்றத்தில் தாக்கல் செய்த மனுவில் குற்றம் சாட்டினார். அப்படியும் எழுத்துத் தேர்வின் பலத்தில் உள்ளே வந்துவிட்டார். வந்தவரிடம் ஓர் உறுதிமொழி எழுதி வாங்கப்பட்டது: திருமணம் செய்துகொண்டால் வேலையை விட்டுவிடுகிறேன்.

இரண்டு வருடம் கழித்து அதே மாதிரி ஒரு நேர்முகத் தேர்வுக் குழுவின் முன்னால் இன்னொரு பெண் போய் உட்கார்ந்தார். அன்னா ராஜம் ஜார்ஜ். கோழிக்கோட்டில் வளர்ந்து மெட்ராஸ் பல்கலைக்கழகத்தில் முதுகலை படித்தவர். அவரிடம் குழு சொன்ன அறிவுரை என்ன தெரியுமா? ஐஏஎஸ் வேண்டாம்மா, வெளியுறவுப் பணியோ மத்தியப் பணிகளோ எடுத்துக்கோ, அதுதான் பெண்களுக்குப் பொருத்தம்! முத்தம்மாவுக்குப் பொருந்தாது என்று சொல்லப்பட்ட அதே பணி. எது பொருத்தம் என்பது வேலையைப் பொறுத்தது இல்லை போலிருக்கிறது. வந்து நிற்கும் பெண் எதைக் கேட்கிறாளோ அது பொருந்தாது, அவ்வளவுதான்.

அன்னா ராஜம் விடவில்லை. ஐஏஎஸ்தான், அதுவும் மெட்ராஸ் மாகாணத்தில்தான் என்று நின்றார். அவருடைய நியமன ஆணையிலும் திருமணமானால் பணி முடிவுக்கு வரும் என்ற வரி இருந்தது. முதலமைச்சர் ராஜாஜிக்கு ஒரு பெண்ணை மாவட்ட நிர்வாகத்துக்கு அனுப்பத் தயக்கம். தலைமைச் செயலகத்தில் ஒரு வேலை தருகிறேன் என்றார். அன்னா ராஜம் வாதாடி ஓசூருக்கு சப் கலெக்டராகப் போனார். அவர் ஆர்.என். மல்ஹோத்ராவைத் திருமணம் செய்துகொண்டது 1985-ல். அதற்குள் அந்த வரி காணாமல் போயிருந்தது.

ஏன் இந்தப் பயம்? பெண்ணுக்குக் கல்யாணம் ஆனால் என்ன ஆகிவிடும் என்று இவ்வளவு பெரிய அரசாங்கம் கவலைப்பட்டது? எனக்குத் தெரிந்தவரை இதற்கான பதில் எங்கள் ஊர்த் தறியில் இருக்கிறது.

பிள்ளையார்பாளையத்தில் வீட்டுக்குள்தான் தறி. கூடத்தில் பாதியைத் தறி எடுத்துக்கொள்ளும், மீதிப் பாதியில் நாங்கள் சாப்பிட்டுத் தூங்கி வளர்ந்தோம். காஞ்சிப் பட்டின் பெருமையே கோர்வை. உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு இன்னொரு நிறம், இரண்டையும் நெசவிலேயே கோத்து ஒன்றாக்குவது. இதற்கு மூன்று நாடா வேண்டும். ஒரே ஆளால் ஓட்ட முடியாது. தறியில் உட்கார்ந்திருப்பவருக்கு அந்தப் பக்கத்துக் கரைக்கு இன்னொரு கை வேண்டும். பெரும்பாலும் அது மனைவியின் கை, இல்லையென்றால் பிள்ளைகளின் கை. தறிக்கு வெளியே தார் சுற்றுவது, பாவு இழை பிணைப்பது எல்லாமும் பெண்கள் வேலைதான். என் பாட்டி எழுபது வயது தாண்டியும் ராட்டையில் தார் சுற்றிக்கொண்டிருந்தாள். ஆனால் கூலி எழுதும் நோட்டில் எங்கள் வீட்டுக்கு ஒரே ஒரு பெயர்தான், தாத்தாவுடையது. பாட்டி என்ன வேலை பார்த்தாள் என்று கேட்டால் "வீட்டுல சும்மாதான் இருக்கேன்" என்பாள்.

அன்றைய தூதரகமும் ஒரு கோர்வைத் தறிதான். டெல்லியானாலும் லண்டனானாலும், ஒரு தூதரை அனுப்பும்போது அரசாங்கத்துக்கு இரண்டு பேர் கிடைத்தார்கள். ஒருவருக்குச் சம்பளம். இன்னொருவர் விருந்து கொடுப்பார், மற்றத் தூதர்களின் மனைவிகளோடு பழகுவார், யார் யாருக்குப் பக்கத்தில் உட்கார வேண்டும் என்று கவனிப்பார், வந்திறங்கும் அமைச்சரின் மனைவியைக் கடைத்தெருவுக்குக் கூட்டிப்போவார், மூன்று வருடத்துக்கு ஒருமுறை மூட்டை கட்டிப் பிள்ளைகளுக்குப் புதுப் பள்ளி தேடுவார். சம்பளம் கிடையாது, பெயரும் கிடையாது. இந்த ஏற்பாட்டில் தூதராகவே ஒரு பெண் வந்தால் கணக்கு உதைக்கிறது. அந்தப் பக்கத்து நாடாவைத் தள்ளுவது யார்? ஒரு கணவன் வந்து விருந்து பரிமாறுவான் என்று யாராலும் கற்பனை செய்ய முடியவில்லை. ஆகவே அவள் தனியாள் என்றால் பொறுத்துக்கொள்ளலாம், கல்யாணமானவள் என்றால் அவளே யாருக்கோ இரண்டாவது கையாகப் போய்விடுவாள் என்று முடிவுகட்டிவிட்டார்கள். விதி எட்டு, பிரிவு இரண்டு என்பது இந்தக் கற்பனைப் பஞ்சத்தின் சட்ட வடிவம்.

இதில் நாம் மட்டும் தனி இல்லை. பிரிட்டன் தன் தூதரகப் பணியில் பெண்களைச் சேர்த்ததே 1946-லிருந்துதான். திருமணமானால் விலக வேண்டும் என்ற கட்டுப்பாடு அங்கேயும் அமெரிக்காவிலும் 1970-களின் தொடக்கம் வரை இருந்தது. ஒரு வேடிக்கை பாருங்கள். முத்தம்மா 1970-ல் ஹங்கேரிக்கு இந்தியத் தூதராகப் போனார், பணியின் படிகளில் ஏறி அந்த இடத்துக்கு வந்த முதல் இந்தியப் பெண்ணாக. பிரிட்டனின் பெண் அதிகாரி ஒருவர் தூதராகப் பொறுப்பேற்றது 1976-ல்தான், டென்மார்க்கில் ஆன் வார்பர்ட்டன். இந்த ஒரு விஷயத்தில் ஆண்ட நாட்டுக்கு ஆறு வருடம் முந்தியது அடிமைப்பட்டிருந்த நாடு. கையில் அந்த 1961 விதிப்புத்தகத்தை வைத்துக்கொண்டேதான்.

புடாபெஸ்டுக்குப் பிறகு முத்தம்மா கானாவுக்கும், அப்புறம் நெதர்லாந்துக்கும் தூதரானார். இந்த இடத்தில்தான் முதல் தர நிலைக்கான பதவி உயர்வு வந்தது. இவரைத் தாண்டி இளையவர்கள் உயர்த்தப்பட்டார்கள். தகுதி போதவில்லை என்று காரணம். அலுவலகத்தில் இருக்கும் யாருக்கும் இந்தச் சொல் புதிதில்லை. தகுதி என்பதற்கு அளவுகோல் இல்லை, ஒரு குழு கூடி இல்லை என்று சொன்னால் இல்லை. பணிமூப்பு என்றால் தேதியைக் காட்டி வாதாடலாம். தகுதி என்றால் எதைக் காட்டுவது?

அவர் ஐம்பதைத் தாண்டிய அதிகாரி. ஓய்வுக்குச் சில வருடங்களே பாக்கி. பேசாமல் இருந்துவிட்டுப் போயிருக்கலாம், பலரும் அதைத்தான் செய்தார்கள். முத்தம்மா தன் சொந்த அமைச்சகத்தின் மீது உச்ச நீதிமன்றத்தில் மனுப் போட்டார். பதவி உயர்வு மறுப்போடு நிறுத்தவில்லை. எட்டு இரண்டு, பதினெட்டு நான்கு, 1949-ல் எழுதிக் கொடுத்த உறுதிமொழி, நேர்முகக் குழு, எல்லாவற்றையும் சேர்த்துப் போட்டார். முப்பது வருடக் கணக்கு.

வழக்கு நீதிபதி வி.ஆர். கிருஷ்ண ஐயரும் பி.என். சிங்காலும் அடங்கிய அமர்வுக்கு வந்தது. கிருஷ்ண ஐயர் பாலக்காட்டுத் தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர், 1957-ன் கேரள அமைச்சரவையில் இருந்தவர், ஆங்கிலத்தைக் கம்பிமத்தாப்பு மாதிரி கொளுத்துகிறவர். வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதே ஓர் அதிசயம் நடந்தது. தகுதி போதாதிருந்த முத்தம்மாவுக்குத் திடீரென்று தகுதி வந்துவிட்டது. அரசு அவருக்குப் பதவி உயர்வு கொடுத்தது. பதினெட்டு நான்கை நீக்கியாயிற்று, எட்டு இரண்டையும் நீக்கப்போகிறோம் என்று நீதிமன்றத்தில் சொன்னது. இனி வழக்கு எதற்கு என்பது அதன் பொருள்.

1979 செப்டம்பர் 17-ல் தீர்ப்பு வந்தது. சட்டக் கல்லூரி மாணவர்கள் பாடமாகப் படிக்கிற இந்தத் தீர்ப்பில் முத்தம்மாவின் மனு தள்ளுபடி செய்யப்பட்டிருக்கிறது. கேட்டது கிடைத்துவிட்டதால் மனு தள்ளுபடி, ஆனால் பிரச்சினை தள்ளுபடி ஆகவில்லை என்றார் கிருஷ்ண ஐயர். அந்த விதிகளைப் பற்றி அவர் எழுதியதில் ஒரு வாதம் எனக்கு மிகப் பிடித்தது. குடும்பப் பொறுப்பு ஒரு பெண்ணின் வேலைக்கு இடைஞ்சலாகும் என்றால் அதே நிலைமை ஆணுக்கும் வரலாமே? ஒரு புரோகிராமராக எனக்கு இது உடனே பிடிபட்டது. நிபந்தனை சரியாகவே எழுதப்பட்டிருக்கிறது, ஆனால் அது பாதி உள்ளீட்டுக்கு மட்டும்தான் ஓடுகிறது. மீதிப் பாதியை யாரும் சோதித்தே பார்க்கவில்லை.

பணிமூப்பில் முத்தம்மா இழந்த மாதங்களை அரசு மறுபரிசீலனை செய்ய வேண்டும் என்றும் தீர்ப்பு சொன்னது. கேட்பதற்குச் சின்ன விஷயம். ஆனால் அரசுப் பணியில் சில மாத மூப்பு என்பது அடுத்த நாற்காலியில் யார் உட்காருவார் என்பதைத் தீர்மானிக்கும்.

தீர்ப்பை முழுக்கப் புகழ எனக்கு மனம் வரவில்லை. எல்லா வேலைகளிலும் எல்லாச் சூழல்களிலும் ஆணும் பெண்ணும் சமம் என்று பொதுவிதி செய்துவிடவில்லை, சில வேலைகளின் தேவை வேறாக இருக்கலாம் என்று கிருஷ்ண ஐயரே ஒரு கதவைத் திறந்து வைத்தார். அந்தக் கதவு எவ்வளவு பெரியது என்பது இரண்டே வருடத்தில் தெரிந்தது. 1981-ல் ஏர் இந்தியா விமானப் பணிப்பெண்களின் வழக்கு. முதல் கர்ப்பத்தோடு வேலை போகும் என்ற விதியை உச்ச நீதிமன்றம் அடித்துப் போட்டது. ஆனால் சேர்ந்த நான்கு வருடத்துக்குள் திருமணம் செய்யக்கூடாது என்ற விதியை நியாயம்தான் என்று விட்டுவிட்டது. தூதர் கல்யாணம் செய்துகொள்ளலாம், அவருக்கு விமானத்தில் காபி கொடுக்கும் பெண் காத்திருக்க வேண்டும்.

பக்கத்து வீட்டையும் கொஞ்சம் எட்டிப் பார்க்கலாம். இலங்கையின் முதல் பெண் தூதரகப் பணி அதிகாரி மானல் அபேசேகர, 1958-ல் சேர்ந்தவர். அவர் தாய்லாந்துக்குத் தூதராக இருந்த 1982-ல், சேபால ஏக்கநாயக்க என்ற இலங்கையர் ஓர் இத்தாலிய விமானத்தைக் கடத்திக்கொண்டு பாங்காக்கில் வந்து இறங்கினார். தன் இத்தாலிய மனைவியும் பிள்ளையும் வேண்டும், பணமும் வேண்டும் என்பது கோரிக்கை. கடத்தல்காரரோடு பேசி முடிப்பதில் மானல் அபேசேகரவுக்குப் பெரிய பங்கு இருந்தது. குடும்பப் பொறுப்புகள் வேலைக்கு இடைஞ்சலாக வந்த சம்பவம்தான் இதுவும். பொறுப்பு கடத்தியவருடையது.

விதி போனபின் என்ன ஆனது? சொக்கிலா ஐயர் 1964-ல் பணியில் சேர்ந்தவர். 2001-ல் நாட்டின் முதல் பெண் வெளியுறவுச் செயலர் ஆனார். நிருபமா ராவ் 1973-ல் தேர்வில் முதலிடம் பெற்று உள்ளே வந்தவர். இருவருமே எட்டு இரண்டு விதி உயிரோடு இருக்கும்போது சேர்ந்தவர்கள் என்பதை மறந்துவிடக்கூடாது. நிருபமா ராவ் இலங்கையிலும் சீனாவிலும் பொறுப்பு வகித்து 2009 ஆகஸ்டில் வெளியுறவுச் செயலர் ஆனார். அதே வருடம் அக்டோபரில் முத்தம்மா பெங்களூரில் காலமானார், வயது 85. மூன்றாமவர் சுஜாதா சிங், 2013-ல் வந்தார், பதவிக்காலம் முடியும் முன்பே 2015 ஜனவரியில் அனுப்பப்பட்டார். முப்பதுக்கும் மேற்பட்ட வெளியுறவுச் செயலர்களில் பெண்கள் இந்த மூன்று பேர்தான். ஐநாவில் நியூயார்க்கின் நிரந்தரப் பிரதிநிதி நாற்காலிக்கு முதல் இந்தியப் பெண்ணாக ருசிரா காம்போஜ் போனது 2022-ல். ஐநாவே பெரிய யோக்கியம் இல்லை. பொதுச்சபைத் தலைமையில் விஜயலட்சுமி பண்டிட்டுக்கு அடுத்த பெண் வரப் பதினாறு வருடம், அதற்கடுத்தவருக்கு முப்பத்தேழு வருடம் ஆயிற்று. எண்பது அமர்வுகளில் ஐந்து பெண்கள். பொதுச்செயலர் பதவியில் இதுவரை ஒரு பெண்கூட இல்லை.

இந்தப் பட்டியலில் மெட்ராஸ்காரர் ஒருவரைச் சேர்க்காமல் நகர முடியாது. பெனோ செஃபைன், முழுமையாகப் பார்வையற்றவர், ஸ்டெல்லா மாரிஸில் ஆங்கில இலக்கியம் படித்தவர், ஸ்டேட் வங்கி அதிகாரி. 2013 குடிமைப் பணித் தேர்வில் 343-வது இடம். முடிவு 2014-ல் வந்தது, வெளியுறவுப் பணிக்கான நியமனம் 2015-ல்தான் கைக்கு வந்தது. முழுப் பார்வையின்மையோடு இந்தப் பணிக்குள் வந்த முதல் நபர் அவர். திரையை வாசித்துச் சொல்லும் மென்பொருளின் உதவியால் படித்தார், மென்பொருளில் இல்லாத புத்தகங்களை வீட்டார் படித்துக் காட்டினார்கள். இங்கேயும் கேள்வி பழையதுதான், இந்த வேலை இவருக்குப் பொருத்தமா? ஆனால் இந்த முறை அரசாங்கம் பொருத்தம் என்று சொல்லப் பழகியிருந்தது.

அரசாங்கம் பழகிவிட்டது, நாம் பழகினோமா என்று தெரியவில்லை. எங்கள் தெருவிலிருந்து எஞ்சினியரிங் படித்துப் போன பெண்கள் இப்போது நிறையப் பேர். தறிக்காரர் வீட்டு முதல் பட்டதாரிகள். எங்கள் துறையில் அவர்களுக்கு வெளியுறவுப் பணி என்பது ஆன்சைட். நான் முன்பு வேலை பார்த்த ஓரிடத்தில், பெயர் வேண்டாம், ஆறு மாத ஆன்சைட்டுக்கு ஆள் தேர்ந்தெடுக்கும் கூட்டம். பட்டியலில் முதல் பெயர் ஒரு பெண்ணுடையது. வேலை தெரிந்தவள் அவள்தான் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. "அவங்களுக்கு அலயன்ஸ் பாத்துட்டிருக்காங்களாம்பா, நடுவுல கிளம்பி வந்துட்டா?" என்றார் ஒருவர். யாரும் எதிர்க்கவில்லை, யாரும் எதையும் எழுதி வைக்கவும் இல்லை. அடுத்த பெயர் டிக் ஆனது. அந்தப் பையனுக்கும் பெண் பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும்.

முத்தம்மாவிடம் ஒரு வசதி இருந்தது. அவரை ஒதுக்கிய விதிக்கு எண் இருந்தது, பிரிவு இருந்தது. நீதிமன்றத்தில் காட்ட முடிந்தது. அந்தப் பெண் எதைக் காட்டுவாள்?

முத்தம்மா 1982-ல் ஓய்வு பெற்றார். அதற்கு முன்பே, ஸ்வீடனின் ஓலோஃப் பால்மே தலைமையில் ஆயுதக் குறைப்புக்காக அமைந்த சர்வதேசக் குழுவில் இந்தியாவின் சார்பில் இடம்பெற்றிருந்தார். பிறகு பெங்களூரில் இருந்துகொண்டு இந்திய நிர்வாக அமைப்பைக் கிழித்து ஒரு புத்தகம் எழுதினார். திருமணம் செய்துகொள்ளவில்லை. அது அவருடைய விருப்பமாகவே இருந்திருக்கலாம், 1949-ன் அந்தக் காகிதம் இருக்கும்போது விருப்பம் எது, நிபந்தனை எது என்று பிரித்துப் பார்ப்பது கஷ்டம். இன்னொரு புத்தகமும் அவர் பெயரில் உண்டு, கூட்டாகச் செய்தது. குடகுச் சமையல் குறிப்புகள்.